இணையப் பல்பயனர் பாத்திர விளையாட்டுகள்: ஒப்பீடும் மதிப்பீடும்

பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் இணையம்வழி ஒரு கற்பனை உலகில் நுழைந்து, தத்தம் பாத்திரத்தை வளர்த்துச் செல்லும் விளையாட்டுகளைத் தரம்பிரிக்கும் முறையை இப்பதிவு விளக்குகிறது. திரைப்படத்தைப் போல இவை முடிந்துபோன ஆக்கங்கள் அல்ல என்பதால், எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்று சொல்லாத ஒப்பீடு அரைகுறையானதே; 2010இல் வெளிவந்து கடும் கண்டனத்துக்குள்ளான ஃபைனல் ஃபேண்டசி 14, 2013இல் ஏறத்தாழ முழுவதும் புதிதாக ஆக்கப்பட்டு வரவேற்பைப் பெற்றது.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருந்து ஆடுபவருக்கு, விளையாட்டுலகைத் தாங்கும் கணினியான சேவையகம் எங்குள்ளது என்பதும் அளவுகோலாகிறது. சேவையகம் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் இருந்தால் விசையை அழுத்தியதும் வாள் வீசப்படும். அதுவே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லாஸ் ஏஞ்சலிசில் இருந்தால், ஒளியிழையில் நொடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் குறிகை போய்த் திரும்பவே 140 மில்லிநொடி பிடிக்கும். இத்தாமதத்தை மறந்து, சண்டை மந்தமாக இருக்கிறது என்று வடிவமைப்பாளரைக் குறைகூறுவது நியாயமாகாது.

செலவைக் கணிப்பது இதைவிடச் சிக்கலானது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் (2004) மாதக் கட்டணத்தில் வளர்ந்தது; 2005இல் சிங்கப்பூர், மலேசிய ஆட்டக்காரர்களுக்குப் பொதுவாகத் தொடங்கப்பட்ட மேப்பிள்ஸ்டோரி, நுழைவை இலவசமாக்கி உள்கடையில் பொருள்களை விற்றது. அக்கடையில் ஆடை அலங்காரம் விற்பதற்கும் வெற்றிவாய்ப்பையே விற்பதற்கும் வேறுபாடு பெரிது. விலையும் சிங்கப்பூர் வெள்ளியில் இருந்தால், ரிங்கிட்டில் சம்பளம் வாங்குபவருக்கு அது மும்மடங்குக்கும் மேற்பட்ட தொகையாகும்.