இரண்டு துளை மோடம்: யுஎஸ்பியிலிருந்து ஈதர்நெட்டுக்கு ஊர் மாறிய கதை

இந்த எபிசோடோட ஹீரோ ஒரு மோடம். 2006, 2007 வாக்கில் திண்டுக்கல்லில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் எடுத்த வீடுகளை நினைச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர் டேபிள் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி, அதில் கண் சிமிட்டும் நாலஞ்சு பச்சை விளக்கு. ஹுவாவே எம்டி 882 ஆக இருக்கும், இல்லைன்னா யூடிஸ்டார்காம். பின்பக்கம் டெலிபோன் வயருக்கு ஒரு துளை போக, கம்ப்யூட்டருக்கு என்று இரண்டு துளைகள். ஒன்று சதுரமான யுஎஸ்பி, இன்னொன்று ஈதர்நெட். எதில் சொருகினாலும் நெட் வரும். அப்புறம் எதுக்கு ரெண்டு? இந்தக் கேள்விக்குள்ள ஒரு பெரிய வரலாறு இருக்கு.

கொஞ்சம் பின்னாடி போகலாம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அது டயல்-அப் காலம். நெட்டில் இருந்தால் போன் எங்கேஜ்ட், அத்தை போன் பண்ணினால் கிடைக்காது. நம்ம பக்கத்திலேயே, நத்தத்தைத் தாண்டினால் வரும் மேலூர் வட்டாரத்தில், 2001இல் ஐஐடி மெட்ராஸ் அணியின் கார்டெக்ட் வயர்லெஸ் தொழில்நுட்பத்தை வைத்து கிராமக் கியாஸ்குகள் திறந்தார்கள். வேகம் 35 கேபிபிஎஸ். இன்னைக்கு சிரிப்பா இருக்கும். ஆனால் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து மின்னஞ்சல் அனுப்ப அது போதும். அந்தத் திட்டத்துக்குத் தனி எபிசோடே போடலாம், இப்போதைக்கு விட்டுடறேன்.

2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் அது பிராட்பேண்ட் என்று வரையறை. 2005 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. தொழில்நுட்பம் ஏடிஎஸ்எல். வீட்டுக்கு ஏற்கெனவே வந்திருக்கும் அதே செம்புக் கம்பியில், பேச்சுக்கு மேலே இருக்கும் அதிர்வெண்களில் டேட்டாவை ஓட்டுவது. புதுசா கம்பி இழுக்க வேண்டாம். ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளிப் போகப் போக சிக்னல் தேயும், நாலஞ்சு கிலோமீட்டர் தாண்டினால் கஷ்டம். நாகல் நகரிலோ பேகம்பூரிலோ இருந்தவர்களுக்கும், வேடசந்தூர் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்தவர்களுக்கும் இன்டர்நெட் ஒண்ணாக இருக்க வாய்ப்பே இல்லை.

இப்போ மோடத்துக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் முதலில் சொருகியது யுஎஸ்பியில்தான். காரணம் எளிது. அன்றைய பல அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களில், அதுவும் 2003க்கு முன் வாங்கியவற்றில், ஈதர்நெட் துளையே கிடையாது. தனியாக ஒரு லேன் கார்டு வாங்கி, கேபினெட்டைத் திறந்து, பிசிஐ ஸ்லாட்டில் அழுத்தி உட்கார வைக்கணும். யுஎஸ்பி துளை எல்லா கம்ப்யூட்டரிலும் இருந்தது, கூடவே ஒரு டிரைவர் சிடியும் கொடுத்தார்கள். திருகாணியைத் தொடாமலே வேலை முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. 1996இல் வந்த யுஎஸ்பி விதிமுறை ஆவணம், இதை ஏன் உருவாக்கினோம் என்று மூன்று காரணம் சொல்கிறது. அதில் முதல் காரணம், கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைப்பது! கீபோர்டோ பென் டிரைவோ இல்லை, டெலிபோன். உருவாக்கிய ஏழு கம்பெனிகளில் டெலிபோன் கருவி செய்யும் நார்டெலும் ஒன்று. இன்டெல் அணியில் முக்கியமானவர் பரோடாவில் படித்த அஜய் பட். ஆக, டெலிபோன் கம்பியை யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோன திண்டுக்கல் வீடுகள், அந்த ஆவணம் ஆசைப்பட்டதை அப்படியே செய்தன.

ஈதர்நெட் அதைவிடக் கிழவன். 1973 மே 22 அன்று ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் எழுதிய குறிப்பில் பிறந்தது. ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசவேண்டும், லேசர் பிரிண்டரைப் பகிரவேண்டும், அவ்வளவுதான் தேவை. முதலாளி, வேலையாள் என்ற பேச்சே இல்லை, கம்பியில் இருக்கும் எல்லாரும் சமம். யுஎஸ்பியில் அப்படி இல்லை. கம்ப்யூட்டர்தான் முதலாளி, அது கேட்டால்தான் கருவி வாய் திறக்கும்.

இந்த வித்தியாசம் வீட்டில் எப்படித் தெரிந்தது? யுஎஸ்பியில் சொருகிய மோடத்தை ஒரு போலி நெட்வொர்க் கார்டாகக் காட்டுவதே டிரைவரின் வேலை. அந்த டிரைவர் தொங்கினால் நெட்டும் போச்சு. வயரைப் பிடுங்கி வேறு யுஎஸ்பி துளையில் மாட்டினால், விண்டோஸ் புது ஆளைப் பார்த்த மாதிரி மறுபடி சிடி கேட்கும். விண்டோஸ் ஃபார்மட் பண்ணினால் சிடி. சிடி தொலைந்துவிட்டதா, டிரைவரை நெட்டில் இறக்கலாம், ஆனால் நெட் வர டிரைவர் வேணும்! "அண்ணே, நெட் வரல" என்று போன் பண்ணினால், சர்வீஸ் பண்ற அண்ணன் முதலில் கேட்பது "தம்பி, எதுல சொருகியிருக்கீங்க?" என்றுதான்.

மாறினால் வேகம் கூடும் என்று பலர் நம்பினார்கள். எனக்கு அந்த நம்பிக்கையில் உடன்பாடு இல்லை. கணக்குப் போட்டாலே தெரியும். பழைய யுஎஸ்பி 1.1 கூட 12 எம்பிபிஎஸ் தாங்கும். லைனில் வருவதோ 256 கேபிபிஎஸ். 2007 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்திய பிறகும் யுஎஸ்பிக்குள் ஐந்து மடங்கு இடம் காலியாகத்தான் கிடந்தது. பிரச்சினை அகலத்தில் இல்லை, அறுந்துபோகாமல் ஓடுவதில் இருந்தது.

அது எங்கே வலித்தது என்றால், ராத்திரியில். 500 ரூபாய் பிளானில் மாதத்துக்கு இவ்வளவு எம்பிதான் என்று அளவு உண்டு. ஆனால் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை அளவில்லாமல் இறக்கலாம் என்ற சலுகை வந்தது. 256 கேபிபிஎஸ்ஸில் நொடிக்கு 32 கிலோபைட், 6 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 690 எம்பி. சரியாக ஒரு சிடி! அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்து டவுன்லோடைப் போட்டுவிட்டுத் தூங்கின தலைமுறை அது. மூணு மணிக்கு டிரைவர் தொங்கினால் அன்றைய சிடி போச்சு.

இன்ஜினியரிங் பசங்களுக்கு வேறொரு காரணமும் இருந்தது. அப்போ உபுண்டு சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள். அதைப் போட்டால் யுஎஸ்பி மோடத்தோடு மல்லுக்கட்டணும், ஈதர்நெட்டில் மாட்டினால் ஒரே கட்டளையில் வேலை முடியும்.

என்னைக் கேட்டால் ஈதர்நெட்டுக்கு மாற இதையெல்லாம் விடப் பெரிய காரணம் இடி. நம்ம ஊர் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் வருவது, ஐப்பசியில் இடியோடு கொட்டும். டெலிபோன் கம்பி கிலோமீட்டர் கணக்கில் வெட்டவெளியில் போகிறது. பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே அதில் மின்னழுத்தம் ஏறிவிடும். யுஎஸ்பி வயரில் மோடத்தின் மின்சுற்றும் மதர்போர்டும் நேரடியாக ஒட்டியிருக்கின்றன, நடுவில் தடுப்பு இல்லை. ஈதர்நெட் துளைக்குப் பின்னால் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். சிக்னல் காந்தப்புலமாகத் தாண்டும், கம்பிக்குக் கம்பி தொடர்பு கிடையாது. 1500 வோல்ட் வரை தாங்கவேண்டும் என்பது விதி. அதுக்காக ஈதர்நெட் போட்டால் இடி ஒண்ணும் பண்ணாதுன்னு அர்த்தமில்லை. ஆனால் போனால் சில நூறு ரூபாய் லேன் கார்டு பலி ஆடாகப் போகட்டும், மதர்போர்டு தப்பிக்கட்டும் என்று ஒரு வாய்ப்பு. மழை மேகம் தெரிந்தால் வயரைப் பிடுங்கிவிடுவதுதான் எல்லாத்தையும் விட நல்ல பாதுகாப்பு, எங்க தெருவில் எல்லாரும் செய்தது அதைத்தான்.

மாறியதும் இன்னொன்றும் நடந்தது. யுஎஸ்பியில் இருந்தவரை பெரும்பாலும் கம்ப்யூட்டரே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து டயல் செய்யும். ஈதர்நெட்டுக்கு வந்தவர்கள் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போய், மோடத்தையே டயல் செய்ய வைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரு ஸ்விட்ச் வாங்கினால் பக்கத்து அறை கம்ப்யூட்டருக்கும் நெட். யுஎஸ்பி வயர் 5 மீட்டரில் முடியும், ஈதர்நெட் 100 மீட்டர் போகும், மாடிக்கே இழுக்கலாம். அதுவரை ஒரு கம்ப்யூட்டருக்கு வந்துகொண்டிருந்த நெட், வீட்டுக்கு வர ஆரம்பித்தது. இதில் நஷ்டமும் உண்டு. மோடம் எப்போதும் லைனில் இருப்பதால் 8 மணிக்கு மேல் ஓடும் டவுன்லோடை யாரும் கவனிக்கமாட்டார்கள். மாசக் கடைசியில் பில்லைப் பார்த்து அப்பா கவனிப்பார்.

வைஃபை ரவுட்டர் வந்தது, ஃபைபர் வந்தது, மோடத்தைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் அந்தச் சதுரத் துளை காணாமல் போனது. ஆனால் யுஎஸ்பி வழி போகவில்லை. பரீட்சை நேரத்தில் வீட்டு நெட் போய், போனை லேப்டாப்பில் கேபிளோடு சொருகி டெதரிங் போடுவீங்க இல்லையா? அப்போ விண்டோஸில் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து பாருங்க. ரிமோட் என்டிஐஎஸ் என்று ஒரு பெயர் இருக்கும். யுஎஸ்பிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நான் ஒரு நெட்வொர்க் கார்டு என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும் அதே பழைய வித்தைதான். இப்போ டிரைவர் சிடி மட்டும் கேட்பதில்லை.