சோக்கை இழுத்தால் நிற்கும் லாரி

எங்க வீட்ல லாரியை நிறுத்தணும்னா "சோக்கை இழு"ன்னுதான் சொல்லுவாங்க. அப்பாரு சொன்னார், அப்பா சொன்னார், நானும் சொன்னேன். இதில் என்ன கோளாறுன்னு வண்டி தெரிஞ்சவங்களுக்கு உடனே புரிஞ்சிருக்கும். குளிர்ந்து கிடக்கிற பெட்ரோல் எஞ்சினைக் கிளப்பத்தான் சோக். டீசல் எஞ்சினுக்கு அது கிடையவே கிடையாது. எங்க லாரியோ டீசல். நாப்பது வயசு தாண்டியும் எனக்கு இது உறைக்கலை மக்களே :-)

வண்டி 1951 மாடல் ஃபார்கோ. கவுந்தப்பாடி பக்கம் எங்க தோட்டத்துச் சாளையில் 2001ல் நின்னது நின்னதுதான். போன வருஷம் சித்தப்பா பழைய இரும்புக்காரரைக் கூட்டிட்டு வந்து, கிலோ கணக்கில் விலையும் பேசிட்டார். "ஆறு மாசம் குடுங்க சித்தப்பா, ஓட்டிக் காட்டறேன். இல்லீன்னா நானே ஏத்தி விடறேன்"னு வாயைக் குடுத்துட்டேன். அதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் வேலை மொபெட் பிளக்கைக் கழட்டித் துடைக்கிறது மட்டும்தான்.

கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே ஆக்கிடணும் என்பது என் திட்டம். பானட்டைத் திறந்து முப்பது வருஷ அழுக்கைச் சுரண்டினால், உள்ளே இருந்தது வேற ஆள். பெர்கின்ஸ் பி6. சிம்ப்சன், மெட்ராஸ்.

கொஞ்சம் கதை. ஃபார்கோ அமெரிக்காவின் கிரைஸ்லர் குடும்பம். பம்பாய் குர்லாவில் வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1947ல் இருந்து பூட்டிக் கொடுத்தது. டாட்ஜ், டிசோட்டோ, ஃபார்கோ மூணும் ஒரே வண்டிதான், மூஞ்சியில் பேர் மட்டும் வேற. எங்களுது வந்தப்போ பெட்ரோல். 1953ல் டாரிஃப் கமிஷன், இங்கேயே தயாரிக்கத் திட்டம் இல்லாம வெறுமனே பூட்டி விக்கிறவங்களுக்கு இடமில்லைன்னு சொல்ல, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைச் சாத்தின. 1954ல் டாடா, மெர்சிடஸ் பென்ஸ் கூட்டில் டீசல் லாரி வந்தது. காலன் விலையும் கம்மி, ஓடற தூரமும் அதிகம். அடுத்த வருஷம் பவானிசாகர் அணை முடிஞ்சு வாய்க்கால் தண்ணி வந்துச்சு. கரும்பு, நாட்டுச்சர்க்கரைன்னு லோடு கூடக் கூட, பெட்ரோல் லாரிக்காரங்க கதி அதோகதி.

புது லாரி வாங்க வழியில்லாதவங்களுக்குக் கைகொடுத்தது இந்த பி6. இங்கிலாந்து பீட்டர்பரோவில் 1930களின் கடைசியில் பிறந்தது. ஆறு சிலிண்டர், 4.7 லிட்டர். பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிட்டு அதே இடத்தில் உக்கார வைக்கவே பேர் போனது. 1840ல் கோச்சு வண்டி கட்ட ஆரம்பிச்ச சிம்ப்சன் கம்பெனி, 1950களில் இதை மெட்ராஸ் செம்பியத்தில் செய்தது. எங்க ஆர்.சி. புக்கில் 1959ல் 'பெட்ரோல்' அடிச்சு, சிவப்பு மையில் 'டீசல்'னு எழுதியிருக்கு. அப்போ ஈரோடு தனி மாவட்டமில்லை, கோயமுத்தூர் ஆபீஸ் முத்திரை.

டாஷ்போர்டு குமிழுக்குப் பின்னாடி ஒயரைப் பிடிச்சுட்டே போனேன். டீசல் பம்பை அடைக்கிற நெம்புகோலில் போய் முடிஞ்சது. வேலை இல்லாமப் போன சோக் குமிழை யாரோ ஒரு மெக்கானிக் எஞ்சினை நிறுத்த மாட்டி விட்டிருக்கார். பேர் மட்டும் மாறலை.

பெர்கின்ஸைக் கழட்டிட்டுப் பழைய பெட்ரோல் எஞ்சின் தேடப் போறேன்னு சித்தப்பாகிட்ட சொன்னேன். விற்கத் துடிச்ச மனுஷன் கொஞ்ச நேரம் பேசலை. "வண்டியை வேணா எடைக்குப் போடு. அந்த எஞ்சின் எங்கம்மா காப்பு. ரெண்டு கையும் கழட்டிக் குடுத்துச்சு." எனக்கு இது தெரியாது. அப்பத்தா கையில் எப்பவும் கண்ணாடி வளையல்தான் பார்த்திருக்கேன்.

எஞ்சினைத் தேடறதை விட்டேன். ஆனா அது ஜாம். ஆறு இஞ்செக்டரையும் கழட்டி, ஓட்டை வழியா டீசலும் ஆயிலும் ஊத்தி ஒன்பது நாள் காத்திருந்தேன். பத்தாம் நாள் ஃப்ளைவீலில் கடப்பாரை போட்டு நெம்பினதுக்கு ஒரு அங்குலம் நகர்ந்தது. அப்புறம் பைப்பில் காத்து எடுக்கிறதுக்கே ஒரு வாரம் (சட்டைகள் மூணு காலி).

அஞ்சாவது மாசக் கடைசியில் கிளம்பிடுச்சு. சாளை பூராப் புகை. கட்டியிருந்த எருமை கயித்தை அத்துட்டு ஓடிருச்சு. சித்தப்பா வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் கேட்டுட்டே இருந்தார். அப்புறம் கையைக் காட்டி, "போதும், சோக்கை இழு" என்றார்.

பிரேக் இன்னும் பிடிக்கலை. அது அடுத்த வேலை.