களிமண்ணும் தாய்வழியும்: சீறாப்புராணத்தின் படைப்புக் கதையும் கல்முனைக் கரையோரமும்

சமய நூல்கள் கூறும் படைப்புக் கதைகள் ஒரு சமூகத்தில் வேரூன்றும்போது, அச்சமூகத்தின் நிலத்தையும் உற்பத்தி முறையையும் உறவு ஒழுங்கையும் தழுவிப் புதுப்பொருள் பெறுகின்றன. சமோவா மொழியில் 'ஃபனுவா' என்னும் ஒரே சொல் நிலத்தையும் நச்சுக்கொடியையும் குறிக்கும். மனிதன் மண்ணால் படைக்கப்பட்டான் என்ற விவிலியக் கூற்றை அச்சொல்லின் வழியே கேட்போர், மண்ணைத் தாயின் உடலாகவே உணர இடமுண்டு. இத்தகைய நோக்கு தமிழ் முஸ்லிம்களின் இலக்கிய வரலாற்றுக்கும் பொருந்துவதாகும்.

மனிதன் களிமண்ணிலிருந்து படைக்கப்பட்டான் என்பது திருக்குர்ஆனின் கூற்று. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம், ஆதத்தின் படைப்பைத் தலைமுறைப் படலத்திற் கூறுகின்றது. அதற்கு முன்னரே அமையும் நாட்டுப்படலம், அரபு நாட்டை மழையும் ஆறும் நெல்வயலும் நிறைந்த மருதநிலமாகத் தீட்டிவிடுகின்றது. எனவே தமிழ் வாசகன் ஆதத்தின் களிமண்ணைச் சந்திக்கும்போது, பாலை மணலன்றி வயற்சேறே அவன் மனக்கண்ணில் நிற்கின்றது. ஆயின் புலவர் வாழ்ந்த எட்டயபுர, கீழக்கரைப் பகுதிகள் வறண்ட நிலங்களே. ஆகவே அவர் தீட்டிய மருதம் கண்ட காட்சி என்பதிலும், கம்பன் முதலானோர் வளர்த்த காவிய மரபு என்பதே பொருந்தும்.

அம்மரபு வருணனையை அன்றாட வாழ்வாகக் கொண்ட தமிழ் முஸ்லிம்கள் இலங்கையின் கிழக்குக் கரையில் வாழ்கின்றனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களுக்குக் கிழக்கே கடல்; மேற்கே நெல்வயல். ஆயினும், காவிய மருதத்தில் விளைச்சல் பெரிதும் இயற்கையின் கொடையாகவே தோன்றுகின்றது. வரலாற்று மருதத்திலோ நிலத்துக்கு உடையவராகிய போடியாரும், வயலிலே தங்கி உழைத்த முல்லைக்காரரும், நீர்ப்பங்கீட்டை மேற்பார்த்த வட்டைவிதானையாரும் இருந்தனர். மண்ணிலிருந்து எல்லா மனிதரும் ஒருபடித்தாகப் படைக்கப்பட்டனர் என்பது வேதம். அம்மண் எல்லோருக்கும் ஒருபடித்தாகக் கிடைக்கவில்லை என்பது வரலாறு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீரையும் நிலத்தையும் புதிதாகப் பங்கிட்டபோது, இவ்வுரிமைப் பிரச்சினை வர்க்க எல்லையைக் கடந்து இன முரண்பாடாகவும் உருக்கொண்டது.

உறவு ஒழுங்கை நோக்குமிடத்து முரண்பாடு மேலும் துலக்கமாகின்றது. தலைமுறைப் படலத்தில் நபிகளாரின் பேரொளி ஆதம் முதலாகத் தந்தையர் வழியே இறங்கிவருகின்றது. இக்கரையோர முஸ்லிம்களின் குடி முறையோ, தம் தமிழ் இந்து அயலவரது போன்றே, தாய்வழியே தொடர்வது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். வீடு சீதனமாக மகளுக்குச் செல்லும். மணமகன் மனைவியின் இல்லத்திற்கு வருவான். பள்ளிவாசல் நிருவாகத்திற்கான மரைக்காயர்களும் மரபுப்படி இக்குடிகளின் பிரதிநிதிகளாகவே விளங்கினர். காவியம் தந்தையரை எண்ண, ஊர் தாயரை எண்ணியது. இரண்டும் முரண்பட்டு ஒன்றையொன்று அழித்துவிடவில்லை. ஒன்று வழிபாட்டு உலகையும் மற்றது சொத்துடைமை உலகையும் ஒழுங்குசெய்தன.

இவ்வுண்மை பிற்கால விவாதமொன்றில் மறக்கப்பட்டமை கவனத்திற்குரியது. சோனகர் இனத்தால் தமிழரே எனப் பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்ட கட்டுரை 1888இல் வெளியாயிற்று. அதனை மறுத்து, அரபு வழித்தோன்றலை வலியுறுத்தி, ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் எழுதினார். சட்டசபைப் பிரதிநிதித்துவம் என்ற அரசியல் நலன் இதன் பின்னணியில் நின்றது. விவாதம் முதல் தந்தை எங்கிருந்து வந்தான் என்பதையே பெரிதும் பற்றிச் சுழன்றது. ஆனால் கல்முனைக் கரையில் குடியும் வீடும் கைமாறிய வழியில் நின்று கேட்கவேண்டிய வினா, தாயர் எந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதாகும்.

இதனாற் சீறாப்புராணத்தின் பெருமை குறைவதில்லை. தொலைதூரத்து வேதக் கதையைத் தமிழ் நிலத்தில் ஊன்றியது அதன் வரலாற்றுச் சாதனை. அந்நிலத்தில் உழைத்தோரின் உரிமையையும், அதனைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிய பெண்களையும் காவிய மரபு காணவில்லை. அவர்களை வரலாற்றிற் சேர்ப்பது ஆய்வாளரின் கடமை. நிலத்துக்கும் அடையாளத்துக்கும் இன்றும் வாதாடும் மக்களுக்கு அது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று.