பழைய பிக்கப்புக்குப் புது ஷாக் அப்சார்பர்

பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் வேலை அதற்கு அடுத்தது. அமுங்கிய ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காதபடி, எண்ணெயைச் சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளி, அந்த ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கி அது அடக்குகிறது. வழக்கமான ஷாக் வண்டியின் பாரத்தைச் சுமப்பதில்லை. இது மறந்துபோவதால்தான் பின்பக்கம் தொய்ந்த பிக்கப்புக்குப் பலர் 'ஹெவி டியூட்டி' ஷாக் வாங்கி மாட்டுகிறார்கள். தொய்வு அப்படியே இருக்கும். காலி வண்டி மட்டும் முன்பைவிட முரட்டுத்தனமாகக் குலுங்கும். தொய்வுக்கு மருந்து பட்டை ஸ்பிரிங்கில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1980 முதல் 1996 வரை விற்ற ஃபோர்டு எஃப்-150 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். இருசக்கர இயக்க வண்டியில் 1965இல் ஃபோர்டு கொண்டுவந்த 'ட்வின் ஐ-பீம்' முன் அச்சு. நாற்சக்கர இயக்கத்தில் 1980இல் வந்த 'ட்வின் டிராக்‌ஷன் பீம்'. நாற்சக்கர வண்டிகள் சிலவற்றில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஷாக் என்ற ஏற்பாடும் உண்டு. 'எஃப்-150க்கு ஒரு செட்' என்று மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தால் வேறு வண்டியின் பாகம் வந்து சேரலாம். ஆண்டு, இயக்க வகை, முன்பக்க ஷாக் எண்ணிக்கை மூன்றையும் சொல்லியாக வேண்டும்.

ஷாக் தேய்ந்துவிட்டதா என்பதையே முதலில் உறுதிசெய்ய வேண்டும். மட்கார்டை அழுத்திவிட்டு எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணும் பழைய சோதனை, கனமான பிக்கப்பில் பெரிதாக எதையும் சொல்லாது. டயரின் ஓரத்தில் அலை அலையாகத் தேய்மானம், பிரேக் பிடித்ததும் மூக்கு குத்துவது, சொரசொரப்பான மண்சாலையில் பின் அச்சு பக்கவாட்டில் நழுவுவது ஆகியவை நம்பத்தக்க அறிகுறிகள். ஷாக் உடலின் மேல்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து, புழுதி அப்பிக் கிடந்தால் சீல் போய்விட்டது. 80,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள் என்பது மன்ரோ போன்ற தயாரிப்பாளர்களின் பரிந்துரை. விற்பவரின் கணக்கு என்பதை நினைவில் வைத்து அதைப் படிக்கலாம்.

சந்தையில் இருப்பவை அடிப்படையில் இரண்டு வகை. இரட்டைக் குழாய் ஷாக்கில் உள்குழாய்க்குள் பிஸ்டன் ஓடும், வெளிக்குழாய் எண்ணெய்க்குச் சேமிப்பறை. விலை குறைவு, சவாரி மென்மை, கல் பட்டு வெளிக்குழாய் லேசாக நசுங்கினாலும் வேலை நிற்காது. கரடுமுரடான பாதையில் நீண்ட நேரம் ஓடினால் எண்ணெய் சூடேறி நுரைத்து, பிடிமானம் தளரும் என்பது இதன் பலவீனம். குறைந்த அழுத்த நைட்ரஜன் அடைத்தவற்றில் நுரை கொஞ்சம் அடங்கும்.

ஒற்றைக் குழாய் ஷாக், பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்தியான் புர்சியே த கார்போன் வகுத்த அமைப்பு. ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1957இல் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்காக அதைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்துவைக்கும். வெளிச்சுவர் நேராகக் காற்றில் படுவதால் சூடு சீக்கிரம் தணிகிறது. ஆனால் பிஸ்டன் ஓடுவதும் அதே சுவரில்தான். ஒரு கல் நசுக்கினால் ஷாக்கின் கதை முடிந்தது.

ஒற்றைக் குழாய் ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்தால் பட்டைவார் கட்டி அமுக்கி வைத்திருப்பார்கள். வாரை வெட்டியதும் தண்டு தானாக நீண்டு வெளியே வரும். அந்தத் தள்ளுவிசை சிறியதுதான். 14 மி.மீ. தண்டு, 20 பார் அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 31 கிலோ எடைக்குச் சமம். வண்டி ஒரு நூல் உயர்ந்தாலும் உயரும். பாரம் சுமக்க அது போதாது.

கடினம், மென்மை என்பதற்கும் எண் உண்டு. பில்ஸ்டைன் ஷாக்குகளில் 255/70 போன்ற குறியீட்டைக் காணலாம். பிஸ்டன் நொடிக்கு 0.52 மீட்டர் வேகத்தில் நகரும்போது நீளும் திசையில் 2,550 நியூட்டன், அமுங்கும் திசையில் 700 நியூட்டன் எதிர்ப்பு என்பது அதன் பொருள். ஸ்பிரிங் விரியும் வேகத்தை அடக்கவே கூடுதல் விசை தேவை. அதனால்தான் முதல் எண் பெரிது. சரக்கே ஏற்றாமல் கடைக்கும் வீட்டுக்கும் ஓடும் அரை டன் பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கெனவே எடை குறைந்தது. அங்கே கடினமான ஷாக் மாட்டினால் சக்கரம் சாலையைத் தொடுவதைவிடத் தாவுவதே அதிகம். மன்ரோ, கேஒய்பி போன்றவர்களின் சாதாரண இரட்டைக் குழாய் ஷாக்கே அத்தகைய வண்டிக்குப் பொருத்தம். டிரெய்லர் இழுப்பதும் காட்டுப்பாதையும் அன்றாடம் என்றால் ஒற்றைக் குழாய்க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணாகாது.

பிராண்டைவிடப் பெரிய கேள்வி நீளம். பழைய வண்டி பலர் கைமாறி வந்திருக்கும். யாரோ ஒருவர் 2 அங்குலம் உயர்த்தியிருப்பார், அல்லது பட்டைகள் தளர்ந்து தாழ்ந்திருக்கும். பில்ஸ்டைனே கம்பெனி உயரத்துக்கு 4600, உயர்த்திய வண்டிக்கு 5100 என்று வரிசைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. பட்டியலை மட்டும் நம்பாமல் டேப் எடுத்து அளப்பது நல்லது. பழைய ஷாக்கைக் கழற்றி, சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சைத் தொங்கவிட்டு, இரு மாட்டும் புள்ளிகளுக்கு இடையே அளந்தால் முழு நீட்சி கிடைக்கும். வண்டி தரையில் நிற்கும்போது உள்ள நீளத்தையும், பம்ப் ஸ்டாப் ரப்பர் முட்ட மீதமிருக்கும் இடைவெளியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பம்ப் ஸ்டாப் முட்டிய பிறகும் ஷாக்கில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக்கே தடுப்புக்கட்டையாகி, சீலும் பிராக்கெட்டும் சேர்ந்து போகும்.

காற்றடித்துப் பின்பக்கத்தைத் தூக்கும் ஏர் ஷாக்கிலும் ஆபத்து அங்கேதான். கேப்ரியலின் 'ஹைஜாக்கர்ஸ்' இந்த வகையில் பேர்போனது. எப்போதாவது கூடுதல் சரக்கு ஏற்றுபவருக்கு வசதிதான். ஆனால் பட்டை ஸ்பிரிங் தாங்க வேண்டிய எடையின் ஒரு பங்கு ஷாக் பிராக்கெட்டுக்குப் போகிறது. துருப்பிடித்த முப்பது வருடச் சேஸியில் அந்த பிராக்கெட் கிழிந்து வருவது அபூர்வமல்ல. மாட்டும் முன் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது நல்லது.

ஷாக்குகளை ஓர் அச்சுக்கு ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். துரு ஏறிய போல்ட்டுகளுக்கு முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிடுவது வேலையைப் பாதியாக்கும். மேல் நட்டை முறுக்கும்போது தண்டும் சேர்ந்து சுற்றும். அப்போது பளபளக்கும் குரோம் பகுதியைப் பிளேயரால் பிடித்தால் விழுகிற கீறல் சில வாரங்களில் சீலை அறுத்துவிடும். தண்டின் உச்சியில் தட்டையாக வெட்டியிருக்கும் இடத்தை மட்டுமே பிடிக்கலாம். வளையப் புஷ் உள்ள முனையின் போல்ட்டை, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும் உயரத்தில் இறுக்குவதே முறை. அச்சு தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.