வழி தவறிய குழாய்

சேர்வராயன் மலையில் வாழ்ந்த ரோகி ஒருவர் சேலத்து வைத்தியரைக் காண வேண்டுமானால், டோலியில் கிடந்து, சுமப்பவர்கள் தோள் மாற்றும்போதெல்லாம் குலுங்கிக் கீழே இறங்க வேண்டியிருந்த காலம் ஒன்றுண்டு. இப்போது அந்தப் பிரயாணம் 20 கொண்டை ஊசி வளைவுகளில் முடிந்துவிடுகிறது. எனினும், கல்லடைப்புக்காகச் சிறுநீரகத்தில் குழாய் பொருத்திக்கொண்டு அம்மலையிலுள்ள ஏற்காட்டுக்குத் திரும்பும் ஒருவருக்கு அவ்வளைவுகள் சாமானியமானவை அல்ல.

கல்லடைப்புக்குச் சிறுபீளையைக் காய்ச்சிக் குடிப்பது நம் பழைய வழக்கம். பொங்கலுக்கு முன் காப்புக் கட்டும் கொத்தில் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்வதும் அதே சிறுபீளைதான். மூத்திரப்பையிலுள்ள கல்லை அறுத்தெடுக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. ஆனால், நீர் தேங்கி வீங்கிய சிறுநீரகத்துக்கு முதுகு வழியே ஊசியிட்டு வடிகால் அமைக்கும் வித்தையோ, ஒரு தவறிலிருந்து பிறந்தது. அமெரிக்க மருத்துவர் வில்லார்ட் குட்வின் இரத்தக் குழாயைப் படம்பிடிக்கச் செலுத்திய ஊசி, குறி தவறிச் சிறுநீரகத்தின் உள்ளறையில் இறங்கிற்று. அதை வெறும் பிழையென்று தள்ளிவிடாமல், அவ்வழியிலேயே நோய்க்குப் பரிகாரம் கண்டு, 1955இல் அவரும் சகாக்களும் உலகுக்கு அறிவித்தனர். 1976இல் சுவீடனின் பெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் அப்படி முதுகில் இட்ட துவாரத்தின் வழியாகவே கல்லை வெளியே எடுத்தார்கள்.

குறி தவறிய ஊசியால் பிறந்த சிகிச்சைக்குக் குறி தவறும் குழாயே அபாயமாகவும் நிற்கிறது. கல்லை எடுத்தபின் வைக்கும் குழாய், மிக அபூர்வமாக, சிறுநீரகச் சிரையைத் துளைத்து, அதனூடே பெருஞ்சிரை வரைக்கும் சென்றுவிடுவதுண்டு. நீருக்குப் பதில் இரத்தம் பெருகுவதைக் கண்டு பதறி அதை உருவிவிட்டால், துளையை அடைத்துக்கொண்டிருக்கும் பொருளையே அகற்றியதாகும். ஆகவே தேர்ந்த கைகள் முதலில் குழாயின் வாயை மூடும். படமெடுத்து அதன் நுனி எங்கிருக்கிறதென்று நிச்சயிக்கும். அவசர அறுவைக்கு ஆயத்தமாக இருந்துகொண்டு, படத்தில் பார்த்தபடியே சிறிது சிறிதாகப் பின்னிழுக்கும். இந்தப் பொறுமைதான் பலரை வயிறு திறக்கும் அறுவையிலிருந்து காத்திருக்கிறது.

மலைவாழ் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதுகிலுள்ள குழாய் நழுவினால் அதை உள்ளே தள்ளவும் வேண்டாம், வெளியே இழுக்கவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, அசையாமல் ஒட்டி, அன்றைக்கே சேலத்துக்கு இறங்குங்கள். புதிதாக இட்ட துவாரம் சில மணி நேரத்திலேயே அடைபடத் தொடங்கிவிடும்.