பேராக் தோட்டப்புறத்தில் நறுமண ரோஜா: ஒரு பயிர் வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரிதும் உழைப்பின் வரலாறாகவும் துன்பத்தின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. கங்காணி முறை, கூலி, லயத்து வாழ்க்கை, தோட்டத் துண்டாடல் ஆகியவை பற்றிய ஆய்வுகள் பல உள. ஆயின், அவ்வுழைப்பாளர் பெற்றிருந்த பயிரறிவைப் பற்றிய ஆய்வுகள் குறைவே. பேராக் மாநிலத்தின் இரப்பர் மரத்தையும், லயத்து வாசலில் துளசியோடும் செம்பருத்தியோடும் வளர்ந்த ரோஜாச் செடியையும் ஒருங்கே வைத்து நோக்கினால் அவ்வறிவின் தன்மை புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நீரின் பெயர் பெற்ற மலர்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை நிரல்படக் கூறுகின்றது. அவற்றுள் ரோஜா இல்லை. பிற்காலத்தில் வந்த இம்மலரின் மணமிக்க வகையைத் தமிழர் ‘பன்னீர் ரோஜா’ என்றனர். மலாய்மொழியில் ரோஜாவைக் குறிக்கும் ‘மாவார்’ என்னும் சொல்லும் ரோஜா நீரைக் குறிக்கும் அரபுத் தொடரிலிருந்து வந்ததே. இரு மொழிகளிலும் நீரின் பெயர் மலருக்கு ஆகிவந்துள்ளது. மணமே இம்மலரின் முதல் அடையாளமாகக் கொள்ளப்பட்டது என்பதற்கு இதனை மொழிச்சான்றாகக் கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் பன்னீர் ரோஜா எனப் பரவலாக வழங்குவது எட்வர்ட் ரோஜா ஆகும். இது பூர்போன் இனத்தைச் சார்ந்தது. முன்பு பூர்போன் எனப்பட்ட ரியூனியன் தீவில் சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து இவ்வினம் தோன்றியது. 1819ஆம் ஆண்டளவில் அதன் விதைகள் பாரிசுக்கு அனுப்பப்பட்டன. அடுத்தடுத்துப் பூக்கும் இயல்பைச் சீன ரோஜாவும், ஆழ்ந்த மணத்தை டமாஸ்க் ரோஜாவும் அதற்கு வழங்கின. வெப்பத்தைத் தாங்குவதும், வெட்டிய தண்டிலிருந்தே எளிதில் வேர்விடுவதும் அதன் சிறப்புகளாகும்.

ஒட்டுக்கட்டும் கை

இரப்பரும் கடல் கடந்து வந்த பயிரே. 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்த 22 கன்றுகளுள் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. தொடக்கத்தில் விதையிலிருந்தே மரங்கள் வளர்க்கப்பட்டமையால் பால் விளைச்சல் மரத்துக்கு மரம் வேறுபட்டது. 1910களின் பிற்பகுதியில் சாவாவில் மொட்டு ஒட்டும் முறை உருவானது. மலாயா இரப்பர் ஆய்வுக் கழகம் 1925இல் நிறுவப்பட்ட பின்னர்த் தேர்ந்த ஒட்டுவகைகள் தோட்டங்களில் பெருகின.

நாற்றங்காலில் ஒட்டுக்கட்டும் தொழிலாளி, தாய்க்கிளையிலிருந்து மொட்டோடு கூடிய பட்டையைச் சிதையாமல் பெயர்த்து, நாற்றின் பட்டையைத் திறந்து உள்ளே பொருத்தி, மழைநீர் புகாவண்ணம் கட்டவேண்டும். ஏறத்தாழ மூன்று வாரங்களில் கட்டை அவிழ்த்து, மொட்டு பசுமையாக இருப்பின் நாற்றின் மேற்பகுதியை வெட்டிவிட வேண்டும். ரோஜாவை ஒட்டும் முறையும் அடிப்படையில் இதுவே. இரப்பரில் பட்டை செவ்வகமாகவும், ரோஜாவில் ‘டி’ எழுத்து வடிவிலும் கீறப்படுகின்றது என்பதே முதன்மையான வேறுபாடு. ஐரோப்பியத் தோட்டக்கலை நூல்கள் தனிக்கலையாகப் போற்றிய ஒரு திறன் தோட்டத்தில் அன்றாடக் கூலிவேலையாக இருந்தது.

இத்திறன் குடும்பத்தின் தேவைக்கும் பயன்படச் சிறு நிலமும் இருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்படவேண்டும் என்றது. காய்கறிப் பயிருக்கென வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. பூச்செடிக்குச் சட்டத்தில் இடமில்லை, வாசலில்தான் இடமிருந்தது.

ஈரமும் நோயும்

ஈப்போ வட்டாரத்தில் ஆண்டுதோறும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது. ரோஜாவின் முதன்மைப் பகையான கரும்புள்ளி நோய்க்கு இது ஏற்ற சூழலாகும். இந்நோய்ப் பூசணத்தின் வித்துகள் மழைத்துளி தெறிப்பதால் பரவுகின்றன. இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் அவை முளைத்து உட்புகுகின்றன. பின்னர் இலை மஞ்சளித்து உதிர்கின்றது. செடி மெலிந்து மணமும் பூவும் குன்றுகின்றன.

ஆகவே, நோய்த்தடுப்பு மருந்தினும் ஈரத்தைக் குறைப்பதிலேயே தொடங்குகின்றது. காலை வெயில் படும் இடத்தில் இடைவெளிவிட்டு நடுதல், காலையில் வேருக்கு மட்டும் நீர் ஊற்றுதல், உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அகற்றுதல், கருகிய நுனியை நலமான தண்டு தெரியும்வரை வெட்டுதல் ஆகியன இதன் கூறுகள். இவற்றின் அடிப்படை பால்மரம் சீவுவோருக்குப் புதிதன்று. நனைந்த வெட்டுப்பட்டையில் கத்தி வைத்தால் பட்டையழுகல் பரவும் என்பதை அவர்கள் அறிவர். இரப்பரின் சாம்பல் நோய்க்குத் தூவப்பட்ட கந்தகம், ரோஜாவின் சாம்பல் நோய்க்கும் பழைய மருந்தாகும்.

மணத்தின் இழப்பு

1900இல் லியோன் நகரப் பெர்னே துஷே வெளியிட்ட ‘சோலேய் தோர்’ என்னும் ரோஜா, தோட்ட ரோஜாக்களுக்கு அடர்ந்த மஞ்சள் நிறத்தைத் தந்தது. அதன் வழிவந்த வகைகளில் கரும்புள்ளிக்கு ஆட்படும் இயல்பும் மிகுந்தது என்பர். பின்னர் வணிக மலருக்கு நெடுநாள் வாடாமையும் வடிவமும் முதன்மை பெற, மணம் பின்தள்ளப்பட்டது. தாப்பா வழியாகச் செல்லும் கேமரன் மலையின் குளிரில் செழிக்கும் ஒட்டு ரோஜா, சமவெளிக்கு வந்தால் இலையுதிர்த்து மெலிவது இயல்பு. நுனிக்கருகல் ஒட்டுக்குக் கீழே இறங்கினால் அடிச்செடி மட்டுமே எஞ்சும். தண்டு ஊன்றி வளர்த்த பன்னீர் ரோஜாவுக்கும் நோய் வரும். ஆயினும், வேரிலிருந்து மீண்டும் துளிர்ப்பது அதே ரோஜாவாகவே இருக்கும். தண்டை ஊன்றிப் பிறருக்கும் பகிர்ந்தளிக்கும் பழக்கத்தின் பயன் இதுவாகும்.

முடிவுரை

இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பின்னர் லயங்கள் மறைந்தன, வாசல்களும் மறைந்தன. ஒட்டுக்கட்டியவர்களுள் பலர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்கள் கையாண்ட கருவிப்பெயர்கள், நோய்ப்பெயர்கள், கட்டும் முறைகள் ஆகியவற்றை ஒலிப்பதிவு செய்து தொகுப்பது தமிழாசிரியரும் மாணவரும் மேற்கொள்ளத்தக்க களப்பணியாகும். அத்தொகுப்பு கிடைக்குமாயின், தோட்டத் தமிழரைக் கூலியாளராக மட்டுமன்றிப் பயிர்க்கலை வல்லுநராகவும் வரலாற்றில் பதிவுசெய்ய இயலும்.