புலி இறங்கி, திருஷ்டி பொம்மை ஏறிய கதை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், கீழ்பென்னாத்தூர் பக்கம் வீடு கட்டும் இடங்களைக் கவனியுங்கள். தளம் போட்டு, கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் முகப்பில் ஒரு முகம் தொங்கும். முட்டைக் கண், முறுக்கு மீசை, நீட்டிய நாக்கு. ஊரார் கண் அதன்மேல் பட்டு அங்கேயே கழிந்துபோகட்டும் என்பது ஏற்பாடு.

அந்த முகத்தை 2014இல் ஒரு கால்பந்து அணி தன் சட்டையில் மாட்டிக்கொண்டது. இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய ஆண்டில் உருவான சென்னையின் எஃப்சி, தமிழ்நாட்டில் கண்ணேறு கழிக்க மாட்டும் முகத்தைத்தான் சின்னமாக்கியதாகச் சொன்னது. புலி, மீன், வில் என்று மூன்று பேரரசுகளின் இலச்சினைகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, திருஷ்டி பொம்மையா என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். விடைக்கு ஆயிரம் ஆண்டு பின்னால் போக வேண்டும்.

நம் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் எசாலம் என்றொரு ஊர். அங்கே 1987இல் முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. ஏடுகளைக் கோத்த வளையத்தில் சோழ முத்திரை. திருவாலங்காட்டு ஏடுகளிலும், ஹாலந்துக்குப் போய்விட்ட ஆனைமங்கலம் ஏடுகளிலும் இதே மரபு முத்திரைதான். புலி உட்கார்ந்திருக்கும். எதிரே பாண்டியனின் இரண்டு மீன்கள். கூடவே சேரனின் வில். இருபுறமும் விளக்கு, மேலே குடையும் சாமரமும். தோற்றவனின் சின்னத்தை அழிக்காமல் தன் குடைக்கீழ் உட்கார வைத்துக்கொள்வது சோழர் பாணி. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏட்டைப் பிரிக்கிற ஒவ்வொருவனுக்கும் பாண்டியன் தோற்ற செய்தி போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் புலிக்கும் ஒருநாள் பதில் வந்தது. 1116இல் போசள விஷ்ணுவர்தனன் சோழரிடமிருந்து தலக்காட்டைப் பிடித்தான். போசளரின் சின்னம், பாயும் விலங்கைச் சள என்ற வீரன் குத்திக் கொல்லும் காட்சி. ஒரு சமண முனிவர் ஆணையிட, சள புலியைக் கொன்றான் என்று குலக்கதை சொல்கிறது. ஆனால் அந்தக் கதை கல்வெட்டுகளில் தலைகாட்டுவதே விஷ்ணுவர்தனன் காலத்தில்தான். குத்துப்படுகிற புலி காட்டுப்புலி அல்ல, சோழப்புலி என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அந்தக் கருத்தில் பெரிய சந்தேகம் இல்லை. காலம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது.

புலியைக் கொன்ற அந்த வம்சம்தான் பிறகு நம் மலையடிவாரத்துக்கு வந்தது. மூன்றாம் வீர வல்லாளன் திருவண்ணாமலையிலிருந்து ஆண்டான். அவன் பெயரில் கோயிலில் வல்லாள கோபுரம் நிற்கிறது. மதுரை சுல்தானோடு நடந்த போரில் 1340களின் தொடக்கத்தில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். பிள்ளையில்லாத அரசனுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது தலக்கதை. அதன்படி மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் சுவாமி எழுந்தருளி வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுப்பது இன்றும் நடக்கிறது. வரலாற்றில் அவனுக்கு நான்காம் வல்லாளன் என்று மகன் உண்டு, சிறிது காலம் ஆண்டும் இருக்கிறான். அது தலக்கதைக்குத் தேவைப்படவில்லை. இதில் நாம் பார்க்க வேண்டியது வேறு. வல்லாளனை நம் ஊர் ஜனங்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவன் குலச் சின்னத்தில் இருந்த சள யார் என்று கேட்டால் பத்தில் ஒருவருக்குக் கூடத் தெரியாது. அரசன் கொடுத்த சின்னத்தின் ஆயுள் அரசோடு சரி.

ஜனங்கள் தாங்களே எடுத்துக்கொண்ட சின்னம் அப்படிப் போவதில்லை. கல்கத்தாவைப் பாருங்கள். 1889இல் பிறந்த மோகன் பகான் கால்பந்து அணிக்கு முதலில் இருந்தது பனைமரத்தடியில் புலி. பிறகு அது பாய்மரப் படகாயிற்று. அங்கேயும் புலி இறங்கித்தான் போயிருக்கிறது! ஆனால் 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் அணியின் தீப்பந்தத்துக்குப் பின்னால் ஒரு வழக்கே உண்டு. 1930இல் நாடெங்கும் சட்டமறுப்பு இயக்கம். லீக் போட்டிகள் பாதியில் நின்றன. மேல்பிரிவுக்கு ஏற வேண்டிய ஈஸ்ட் பெங்காலை ஏற்ற மறுத்தார்கள். ஆதரவாளர்கள் பந்தம் ஏந்தி ஊர்வலம் போனார்கள். அந்தப் பந்தமே சின்னமாயிற்று என்பது அணியின் வழிவழிச் செய்தி.

சின்னத்தைப் பற்றிக்கொள்ளும் விஷயத்தில் போலந்துக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. 1795 முதல் 1918 வரை போலந்து என்ற நாடே வரைபடத்தில் கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அந்த இருட்டில்தான் அவர்களின் பழைய கால்பந்து அணிகள் பிறந்தன. கிராகூஃப் நகரில் 1906இல் க்ராகோவியாவும் விஸ்வாவும். ரஷ்யப் பிடியிலிருந்த வார்சாவில் 1911இல் போலோனியா. இந்தப் போலோனியாவின் சட்டை கறுப்பு. பிளவுபட்ட தாய்நாட்டுக்கான துக்கம் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் காரணம். இழிவுக்குத் துக்கம் காட்டப் பெரியார் தொண்டர்கள் கறுப்புச் சட்டை போட்டதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லுவூஃப் நகரின் போகோன், 1904இல் பிறந்து நான்கு முறை போலந்துச் சாம்பியனான அணி. 1945இல் அந்த நகரமே சோவியத் உக்ரைனுக்குப் போயிற்று. போலந்துக்காரர்கள் மூட்டை கட்டி மேற்கே நகர்ந்தார்கள். புதிதாகப் போலந்துக்கு வந்த ஷ்செச்சின் துறைமுகத்தில் 1948இல் தொடங்கிய அணிக்குப் பிற்பாடு போகோன் என்றே பெயர் வைத்தார்கள். பழைய அணியின் நிறங்களை நினைவூட்டும் கருநீலமும் மெரூனும் வந்தன. சின்னத்தில் மட்டும் அந்த மண்ணின் பழைய அடையாளமான கழுகுத்தலைச் சிங்கம் ஏறியது. விட்டுவந்த ஊரின் நிறமும் வந்துசேர்ந்த ஊரின் விலங்கும் ஒரே கேடயத்தில்.

கம்யூனிஸ்ட் ஆட்சி 1949 வாக்கில் அணிகளைத் தொழிற்சங்கங்களின் கீழும் போலீசு, ராணுவத்தின் கீழும் பிரித்துக் கொடுத்தது. விஸ்வா க்வார்டியா ஆயிற்று, க்ராகோவியா ஓக்னிவோ ஆயிற்று. 1950களின் நடுவில் பழைய பெயர்கள் திரும்பி வந்துவிட்டன. இதைவிட வேடிக்கை 2011இல் நடந்தது. தேசிய அணியின் புதுச் சட்டையில் வெள்ளைக் கழுகை எடுத்துவிட்டுக் கால்பந்துச் சங்கத்தின் வணிகச் சின்னத்தைப் போட்டார்கள். நாடே கொதித்தது. சில வாரங்களுக்குள் கழுகு திரும்பிப் பறந்து வந்து மார்பில் உட்கார்ந்தது.

நமக்கு இந்தக் கொதிப்பு புரியும். அ.தி.மு.க. இரண்டாகி, இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 தேர்தலில் ஒரு அணி சேவலோடும் இன்னொன்று இரட்டைப் புறாவோடும் நின்றதைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அணிகள் இணைந்து இலை திரும்பியபோது தொண்டன் பட்ட நிம்மதியையும் அது பார்த்திருக்கிறது.

சரி, திருஷ்டி பொம்மைக்கு வருவோம். அதை ஜனங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, முதலாளிகள் தேர்ந்தெடுத்தார்கள். உண்மை. ஆனால் அரண்மனையிலிருந்து எடுக்காமல் தெருவிலிருந்து எடுத்தார்கள். புலியைப் போட்டிருந்தால் மதுரைக்காரர் மீன் எங்கே என்பார், கரூர்க்காரர் வில் எங்கே என்பார். சோழ முத்திரையின் பழைய கணக்கை மறுபடி தீர்க்க வேண்டி வந்திருக்கும். கண்ணேறுக்கு மூவேந்தர் எல்லை கிடையாது.

அது ஊர்ச் சின்னமானது 2015 டிசம்பரில். சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. சென்னையின் எஃப்சி தன் சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடியது. டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். தொண்ணூறாவது நிமிடம் வரை 2-1 என்று கோவா அணி முன்னிலை. கோவாவின் கோல்கீப்பரே தன் வலைக்குள் பந்தை விட, இடைநிறுத்தத்துக்காகச் சேர்த்த நிமிடங்களில் சென்னை வீரர் மெண்டோசா ஒன்று அடிக்க, 3-2. கோப்பை சென்னைக்கு வந்தது. வெள்ளத்தில் தவித்தவர்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார்கள். வரைபட மேசையில் பிறந்த சின்னத்துக்கு அந்த மாதம்தான் ஊர் கிடைத்தது என்பது என் கட்சி.

திருவண்ணாமலை மாவட்டத்தில் அணி தொடங்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: இணையத்தில் கிடைக்கும் சிங்கத்தையும் கழுகையும் எடுத்து ஒட்டாதீர்கள். உங்கள் தெருவில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அடுத்த வாரம்: செஞ்சிக் கோட்டையின் கொடிகள்.